டிக்-டிக்கைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதன் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

ஆப்பிரிக்காவின் வறண்ட புதர்க்காடுகளுக்குப் போகிறவர்களில் பலர் யானையையும் சிங்கத்தையும் தேடி வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பதால், வழியோரத்து முட்புதரின் நிழலில் அசையாமல் நின்று தங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் டிக்-டிக்கைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். கண்ணில் பட்டாலும், முயலைவிடச் சற்றுப் பெரிய மான் ஒன்று குறுக்கே ஓடியது என்ற அளவில் அந்தச் சந்திப்பு முடிந்துவிடுகிறது. தோள்வரை 30 முதல் 40 செ.மீ. உயரமும் 3 முதல் 7 கிலோ எடையும் கொண்ட இந்தக் குட்டி மறிமான், சிறுத்தை முதல் கழுகு வரை அந்தக் காட்டின் ஏறத்தாழ எல்லா ஊனுண்ணிகளுக்கும் இரையாகக்கூடியது. அப்படியிருந்தும் அது பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம், தனக்கென வைத்திருக்கும் சிறிய நிலத்துண்டின் ஒவ்வொரு புதரையும் ஒவ்வொரு தடத்தையும் அது மனப்பாடமாக அறிந்திருப்பதே. ஆகவே டிக்-டிக்கைத் தேடி அலைவதைக் காட்டிலும், அதன் நிலத்தை அடையாளம் கண்டு, அங்கே உட்கார்ந்து காத்திருப்பதுதான் பயன் தரும். அதை எப்படிச் செய்வது என்பதையே இங்கே விளக்க முயல்கிறேன்.

இடமும் நேரமும்

டிக்-டிக் என்பது ஒரே விலங்கின் பெயர் அன்று. வழக்கமாக நான்கு இனங்களாகப் பிரிக்கப்படும் ஒரு பேரினத்தின் பொதுப்பெயர். கென்யாவின் தென்பகுதியிலும் தான்சானியாவிலும், அதாவது சாவோ, செரெங்கெட்டி, தாராங்கிரே, மன்யாரா, ருவாகா போன்ற பூங்காக்களில் நீங்கள் காண்பது கிர்க் டிக்-டிக். வடக்கு நோக்கிக் கென்யாவின் சம்புரு, லைக்கிப்பியா பகுதிகளுக்குப் போனால், மூக்கு இன்னும் நீண்டு தொங்குவது போலத் தோன்றும் குந்தர் டிக்-டிக்கைக் காணலாம். சால்ட் டிக்-டிக்கும் வெள்ளி டிக்-டிக்கும் சோமாலியா, எத்தியோப்பியா உள்ளிட்ட ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளுக்கு உரியவை. இவற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு கண்டத்தின் அகலம் தள்ளி, நமீபியாவிலும் தென்மேற்கு அங்கோலாவிலும் தமாரா டிக்-டிக் வாழ்கிறது. கிர்க் இனத்தின் கிளையாகவே நெடுங்காலம் எண்ணப்பட்ட இதனை இப்போது பலர் தனி இனமாகக் கொள்கிறார்கள். நமீபியாவின் எட்டோஷா பூங்காவில், நமுத்தோனி முகாமுக்கு அருகே 'டிக்-டிக் டிரைவ்' என்றே பெயரிடப்பட்ட ஒரு சுற்றுப்பாதை உண்டு. முதன்முறை பார்க்க விரும்புகிறவருக்கு அதைவிட எளிதான இடத்தைச் சொல்வது கடினம்.

எந்தப் பூங்காவானாலும், தேட வேண்டிய நிலம் ஒரே மாதிரியானது. உயர்ந்த புல்வெளியில் டிக்-டிக்கைத் தேட வேண்டாம். தன் தலைக்கு மேலே புல் வளர்ந்துவிட்டால் அதனால் எதையும் பார்க்க முடியாது என்பதால், அத்தகைய இடத்தை அது தவிர்த்துவிடும். தாழ்ந்த முட்புதர்கள் திட்டுத்திட்டாக அடர்ந்து, அவற்றுக்கிடையே தரை வெறுமையாகத் தெரியும் இடமே அதற்குப் பிடித்தது. புதரின் அடியில் நின்றபடி நாலாபுறமும் பார்க்கவும், ஆபத்து வந்தால் இரண்டு துள்ளலில் அடுத்த புதருக்குள் புகவும் அங்கே வசதி உண்டு. பாறைக்குன்றுகளின் அடிவாரம், வறண்ட ஓடைகளின் கரை, கால்நடை மேய்ந்து புல் குறைந்த நிலம், வண்டிப் பாதையின் ஓரம் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியலுக்குப் பின் வரும் ஓரிரு மணி நேரமும் மாலையின் கடைசி இரண்டு மணி நேரமும் சிறந்தவை. இரவிலும் இது மேயும். எனினும் எட்டோஷாவில் சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் ஏற்பவே முகாம் வாயில்கள் திறந்து மூடப்படுவதால், இரவில் பார்ப்பது சொந்த வண்டியில் வருகிறவருக்குக் கைகூடாது. மழைக்காலத்தைவிட வறட்சி மாதங்களில் இலைகள் உதிர்ந்து புதர்களின் உள்ளே பார்வை செல்லும். நமீபியாவில் மே முதல் அக்டோபர் வரையிலான காலம் அத்தகையது.

அது டிக்-டிக்தானா?

இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. நீண்டு, அசையும் மூக்கு, கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம், உச்சந்தலையில் நிமிரக்கூடிய மயிர்க்கொண்டை, இருப்பதே தெரியாத குட்டை வால் ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் வேறெதனோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. எட்டோஷாவில் ஸ்டீன்பாக் என்னும் மறிமானை டிக்-டிக் என்று சொல்லிப் படமெடுப்பவர்கள் உண்டு. ஆனால் அது எடையில் இரு மடங்கு இருக்கும், காதுகள் மிகப் பெரியவை, கொண்டை கிடையாது. 

ஆண், பெண் வேறுபாட்டைக் கண்டுகொள்ளவே சற்றுப் பொறுமை வேண்டும். ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு; அதுவும் விரல் நீளமே இருந்து, பின்புறம் சாய்ந்து, கொண்டை மயிருக்குள் பாதி மறைந்து கிடக்கும். நேர்முகமாகப் பார்த்துப் "பெண்" என்று எழுதிவிட்டு, அது பக்கவாட்டில் திரும்பியபோது அடித்துத் திருத்துவது எல்லாருக்கும் நேர்வதுதான். உடலளவை வைத்து முடிவு செய்யவும் முடியாது, ஏனென்றால் டிக்-டிக்கில் பெண்ணே ஆணைவிடச் சற்றுப் பெரியது.

புழுக்கைக் குவியலிலிருந்து தொடங்குங்கள்

ஒரு டிக்-டிக் இணை சில ஹெக்டேர் பரப்பை, இடத்தின் வளத்துக்கேற்பக் கூடவோ குறையவோ, தனதாக்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும். அந்த எல்லையின் விளிம்பில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் இரண்டும் திரும்பத் திரும்பப் புழுக்கையிடுவதால், காலப்போக்கில் அவை பரந்த குவியல்களாகிவிடும். மிளகைவிடச் சற்றே பெரிய புழுக்கைகள், மேலே புதியவை கறுத்துப் பளபளப்பாகவும் அடியில் பழையவை சாம்பல் பூத்தும், வெறுந்தரையில் பரவிக் கிடப்பதைப் பாதையோரத்தில் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். மேற்பரப்பில் ஈரமும் குளம்பால் கீறிய புதிய கோடுகளும் இருந்தால் அந்த எல்லையில் இப்போதும் ஆள் இருக்கிறது என்று பொருள்.

யானைச் சாணத்தில் கால் தடுக்கி விழுந்த டிக்-டிக், யானையை ஒருநாள் தடுக்கிவிழச் செய்வதற்காகத்தான் ஒரே இடத்தில் புழுக்கையைக் குவித்துக்கொண்டிருக்கிறது என்றொரு கதை ஆப்பிரிக்காவில் வழங்குகிறது. அறிவியல் விளக்கம் அவ்வளவு சுவையானதன்று என்றாலும், கண்ணெதிரே நடக்கும்போது அதுவும் ஒரு சடங்கைப் போலவே தோன்றும். பெண் முதலில் குவியலில் நின்று சிறுநீரும் புழுக்கையும் கழிக்கும். பின்னால் காத்திருக்கும் ஆண் அருகே வந்து முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டித் தலையை உயர்த்தி மணத்தை உள்வாங்கும். பிறகு முன்னங்குளம்புகளால் அந்த இடத்தைப் பலமாகக் கீறிவிட்டு, அதன் மேலேயே தன் கழிவையும் இட்டு மூடும். பெண் சினைக்குத் தயாராக இருக்கிறதா என்பதை அந்த மணத்திலிருந்து அது அறிந்துகொள்கிறது. அதே செய்தி அண்டை எல்லையின் ஆணுக்குக் கிடைக்காதபடி மறைத்தும் விடுகிறது.

ஒரு குவியலைக் கண்டதும் குறிப்பேட்டில் பாதையையும் பெரிய மரங்களையும் வரைந்து அந்த இடத்தைப் புள்ளியிட்டுக்கொள்ளுங்கள். பாதையிலிருந்தே தெரியும் மற்ற குவியல்களையும் இவ்வாறு குறித்துவந்தால், மூன்று நான்கு புள்ளிகளிலேயே எல்லையின் ஒரு பக்கம் ஏறத்தாழப் புலப்பட்டுவிடும். பாதையைவிட்டு வண்டியை இறக்கவோ, அனுமதியில்லாத பூங்காவில் கீழே இறங்கவோ வேண்டாம். விதி என்பது ஒருபுறம் இருக்க, நீங்கள் நடந்துபோய் மிதித்த குவியலருகே இணை எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

கண்ணோரத்துக் கறுப்புப் புள்ளி

டிக்-டிக்கின் கண்ணுக்குக் கீழே, மூக்குப் பக்கமாக, மை ஒழுகியது போல ஒரு கறுப்புத் தழும்பு இருக்கும். படங்களைப் பார்த்து அதைக் கண்ணீர் என்று நினைப்பவர்கள் பலர். அது ஒரு சுரப்பியின் வாய். இதை அது பயன்படுத்தும் விதத்தைப் பைனாகுலர் வழியே ஒருமுறை பார்த்துவிட்டால், மற்ற எதையும் காணாமல் திரும்பினாலும் குறையில்லை என்பது என் எண்ணம்.

மேய்ந்துகொண்டே வரும் ஆண் ஓரிடத்தில் நின்று, மொட்டையாக நிற்கும் ஒரு காய்ந்த புல்தண்டையோ குச்சியின் நுனியையோ முதலில் முகர்ந்து பார்க்கும். சில வேளை நுனியைக் கடித்துச் சரிசெய்யவும் செய்யும். பின் தலையைச் சாய்த்து, கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அந்தக் கூர்நுனி இருக்கும்படி மிக மெதுவாக முகத்தைக் கொண்டுவரும். பார்க்கிற நமக்குத்தான் நெஞ்சு பதறும். நுனி சரியாகச் சுரப்பியின் குழிக்குள் நுழைந்து வெளியே வரும்போது, அதில் கறுத்த பிசின் போன்ற ஒரு துளி ஒட்டியிருக்கும். அதே தண்டுக்கு அது மீண்டும் மீண்டும் வருவதால் துளி மேல் துளி படிந்து சிறு மணியாகிவிடும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, குவியலுக்கு அருகிலுள்ள தண்டுகளின் நுனியில் இந்த மணிகள் மின்னுவதைத் தேடுங்கள்; அத்தகைய தண்டை நோக்கிக் கேமராவை வைத்துக் காத்திருந்தால், அரிய காட்சி உங்களைத் தேடி வரும்.

ஒன்றைக் கண்டால் இன்னொன்றையும் தேடுங்கள்

தனியாக நிற்கும் டிக்-டிக்கைக் கண்டவுடன் கிளம்பிவிடுவது பலர் செய்யும் தவறு. இணை பிரியாமல் வாழும் மிகச் சில பாலூட்டிகளில் இதுவும் ஒன்று என்பதால், மற்றது பெரும்பாலும் சில மீட்டர் தொலைவிலேயே இருக்கும். பெண் முன்னே செல்ல, ஆண் அதைப் பின்தொடர்வதே வழக்கம். எங்கே மேய்வது, எப்போது நகர்வது என்பதைப் பெண்ணின் நடையே தீர்மானிப்பது போலத் தோன்றும். நமீபியாவில் வாழும் இணைகளின் குட்டிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 1997-இல் வெளியான ஆய்வில், வேறு ஆணுக்குப் பிறந்த குட்டி எதுவும் காணப்படவில்லை. இதைக் காதல் கதையாக்கிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். ஆனால் ஆண் குட்டியை வளர்ப்பதில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. தன் பெண்ணை வேறு ஆண் நெருங்காமல் காவல் காப்பதே அதன் முழுநேர வேலை என்பதுதான் அந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

அந்தக் காவல் எப்படி நடக்கிறது என்பதை எல்லையில் காணலாம். இரு ஆண்கள் எதிர்ப்பட்டால், கொண்டையை நிமிர்த்திக்கொண்டு ஒன்றை நோக்கி ஒன்று பாயும். முட்டிக்கொள்ளும் என்று நாம் எதிர்பார்க்கும் கணத்தில், சிறிது இடைவெளி விட்டு இரண்டும் சட்டென நின்று தலையை ஆட்டும். பிறகு பின்வாங்கி, செடியைக் கொம்பால் அடித்துத் துவைத்து, மீண்டும் பாயும். ஏதோ ஒன்று சலித்துத் திரும்பும் வரை இது தொடரும். காயம் ஏற்படுவது அரிது.

ஆபத்தின் குரலைக் கேட்கப் பழகுங்கள்

டிக்-டிக் என்ற பெயரே அதன் எச்சரிக்கைக் குரலிலிருந்து வந்தது. மூக்கின் வழியே வெளிவரும் கூர்மையான சீழ்க்கை அது. 'ஸிக்-ஸிக்' என்றும் கேட்கும். சிறுத்தை, கேரகல் என்னும் காட்டுப்பூனை, சிவிங்கிப்புலி, கருமுதுகு நரி, கழுதைப்புலி, பபூன் குரங்கு, மலைப்பாம்பு, கழுகு என அதன் பகைவர் பட்டியல் நீளமானது. லைக்கிப்பியாவில் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுநாய்களுக்கு டிக்-டிக்கே முதன்மை இரை. வேட்டைக்காரர்களுக்கும் இந்தக் குரல் பிடிக்காது, ஏனென்றால் அது காட்டிலுள்ள மற்ற விலங்குகளையும் உஷார்ப்படுத்திவிடும்.

ஆபத்தை உணர்ந்ததும் அது ஓடிவிடுவதில்லை. முதலில் உறைந்து நிற்கும். பழுப்பும் சாம்பலும் கலந்த உடல் புதரின் நிழலோடு கரைந்துபோவதால், அசையாதவரை அது பாதுகாப்பாகவே இருக்கிறது. பகை மேலும் நெருங்கினால் மட்டுமே வெடித்தாற்போல் கிளம்பி, ஒவ்வொரு துள்ளலிலும் சீழ்க்கையடித்துக்கொண்டு, இடமும் வலமுமாக வளைந்து ஓடும். மணிக்கு ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்தை அது எட்டக்கூடும் என்றாலும் நெடுந்தூரம் ஓடும் விலங்கு அன்று. தனக்குத் தெரிந்த தடத்தில், தனக்குத் தெரிந்த புதருக்குள் புகுந்து மறைந்துவிடும். அறிமுகமில்லாத நிலத்துக்குள் துரத்தப்பட்டால் இந்த உத்தி பயனற்றுப் போகும். வண்டியில் பின்தொடரக் கூடாது என்று வற்புறுத்துவது அதனால்தான். அது ஓடிவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு இருந்த இடத்திலேயே இருங்கள். பல வேளைகளில் சில நிமிடங்களிலேயே புதர் விளிம்பில் மூக்கு ஒன்று எட்டிப்பார்க்கும்.

காதுகளைக் கவனிப்பதும் உதவும். உறைந்து நிற்கும் டிக்-டிக்கின் இரு காதுகளும் உங்களை நோக்கியிருந்தால் அதன் கவலை நீங்கள்தான், சிறிது பின்வாங்குங்கள். காதுகள் வேறு திசையில் குவிந்திருந்தால் நீங்களும் அந்தத் திசையைப் பாருங்கள். பெரும்பூனைகளைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழிகாட்டி குறைவு.

மற்ற விலங்குகளின் எச்சரிக்கையையும் அது ஒட்டுக்கேட்கிறது. லைக்கிப்பியாவில் குந்தர் டிக்-டிக்குகளுக்கு, 'கோ-அவே' என்று கத்துவதாலேயே அப்பெயர் பெற்ற வெண்வயிற்றுப் பறவையின் அபாயக் குரலை ஒலிபரப்பிப் பார்த்தபோது, அவை மேய்ச்சலைக் குறைத்துத் தலையைத் தூக்கி விழிப்பாக நின்றன. மரஉச்சியில் இருக்கும் பறவை தொலைவில் வருவதைக் காணும், முழங்கால் உயரத்தில் நிற்கும் டிக்-டிக்கால் அது முடியாது. இதைப் படித்துவிட்டுக் கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுச் சோதிக்க வேண்டாம். ஆய்வாளர்கள் அளந்து செய்ததை நாம் விளையாட்டாகச் செய்தால், மேய்ச்சல் நேரத்தை இழப்பது அந்த விலங்குதான்.

நடுப்பகலில் பார்க்க வேண்டியது

வெயில் ஏறியதும் இணை நிழலில் படுத்து அசைபோடத் தொடங்கும். பொதுவாக இந்த நேரத்தில் பார்வையாளர்கள் முகாமுக்குத் திரும்பிவிடுவார்கள். தங்கியிருக்கிறவர்கள் மூக்கைக் கவனிக்கலாம். மிகுந்த வெப்பத்தில் நாயைப் போல் நாக்கைத் தொங்கவிடாமல், வாயை மூடியபடியே மூக்கின் வழியாக வேகவேகமாக மூச்சிரைக்கும். துருத்தி போன்ற அந்த நீண்ட மூக்கின் ஈரமான உட்பரப்பில் காற்று பாய்ந்து நீர் ஆவியாகும்போது, அங்கே ஓடும் இரத்தம் குளிர்கிறது. அந்தக் குளிர்ந்த இரத்தம் மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் வெப்பத்தைத் தணிக்கிறது. 

தண்ணீர்க் குட்டைகளில் டிக்-டிக்குக்காகக் காத்திருப்பது வீண்வேலை. இளந்தழை, மொட்டு, பழம் ஆகியவற்றிலுள்ள ஈரமும் பனித்துளியுமே அதற்குப் போதும். நீரை வீணாக்காதிருக்கச் சிறுநீரை அடர்த்தியாகவும் புழுக்கையை உலர்ந்ததாகவும் வெளியேற்றுகிறது. சிறிய வயிறு என்பதால் நார் மிகுந்த முற்றிய புல் அதற்கு ஒத்துவராது. சத்துள்ள துளிரைப் பொறுக்கி எடுக்கவே அந்தக் கூரிய முகம் முட்களுக்கிடையே நுழைகிறது. எட்டாத துளிருக்காகப் பின்னங்கால்களில் எழுந்து நிற்பதையும் காணலாம்.

குட்டிகளைத் தேட வேண்டாம்

சினைக்காலம் ஏறத்தாழ ஐந்தரை மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. ஓர் ஆண்டில் இரு முறை ஈன முடியும். பிறந்த குட்டி முதல் இரண்டு மூன்று வாரங்கள் புதருக்குள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். தாய் தொலைவில் மேய்ந்துவிட்டுப் பாலூட்ட மட்டும் வந்து போகும். ஆகவே தனியாகக் கிடக்கும் குட்டி கைவிடப்பட்ட குட்டி அன்று. இரக்கப்பட்டு அருகே போகிறவரின் மணமும் தடமும் நரிக்கு வழிகாட்டக்கூடும். பார்த்துவிட்டால் படம்கூட எடுக்காமல் விலகிச் செல்வதே முறை.

ஏழெட்டு மாதத்தில் குட்டி முழு வளர்ச்சி பெறும். அதுவரை இணையோடு மூன்றாவதாக ஒன்று திரிவதைக் காணலாம். அதன்பின் மகனைத் தந்தையும் மகளைத் தாயும் விரட்டத் தொடங்கும். எல்லையின் ஓரத்தில், கொண்டையைத் தாழ்த்திக்கொண்டு, எந்தக் குவியலிலும் நிற்காமல் நகரும் தனி விலங்கைக் கண்டால், அது இடம் தேடும் இளசாக இருக்கலாம். எந்தப் புதரையும் அறியாத இந்த நாட்களே அதன் வாழ்வில் மிக ஆபத்தானவை.

கிளம்பும்போது

இணை படுத்திருக்கையில் எஞ்சினை முடுக்கினால் அவை திடுக்கிட்டு எழும். அவை எழுந்து மேயத் தொடங்கும் வரை, அல்லது தாமாகப் புதருக்குள் மறையும் வரை காத்திருந்து, பிறகு மெதுவாக நகருங்கள். குறிப்பேட்டில் தேதியையும் நேரத்தையும், எந்தக் குவியலருகே எந்தத் திசையில் சென்றன என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அதே நேரத்துக்கு அதே புதரருகே வந்து நிறுத்தினால், ஒரு காதில் கிழிசலோ கொம்பில் முறிவோ இருப்பதை வைத்து அடையாளம் கண்டு, நேற்றைய அதே இரண்டையும்தான் பார்க்கிறோம் என்று உறுதி செய்துகொள்ளலாம்.